சிறைத் தறியும் நம் தறியும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். பேரேடுகளைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் வேளையில், சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு தீர்மான நகலை நீட்டினார். ஆண்டுதோறும் அச்சங்கத்தினிடம் படுக்கை விரிப்புகள் வாங்கிவந்த ஓர் அலுவலகம், இவ்வாண்டு அவற்றைச் சிறைச்சாலை நெசவுக்கூடத்திலிருந்து வாங்கிக்கொண்டதாம். அங்கே விலை குறைவு என்பதே காரணம். ஆகவே சிறைகளில் தறி ஓட்டுவதையே நிறுத்திவிட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்வதே அத்தீர்மானத்தின் சாரம்.

"ஐயா, குற்றம் செய்தவன் கையிலும் தறி இருக்கிறது, ஒரு குற்றமும் அறியாத எங்கள் கையிலும் தறி இருக்கிறது. அவன் தறி ஓடுகிறது. எங்கள் தறி நிற்கிறது. இது எந்த ஊர் நியாயம்?" என்று அவர் கேட்டார்.

"பெரியவரே, தங்கள் குறை உண்மையானது. ஆனால் நோய் ஒன்று, தாங்கள் எழுதியிருக்கும் மருந்து வேறொன்று" என்று கூறி, அன்று மாலை வரை அங்கத்தினர்களோடு அமர்ந்து பேசினோம். அன்று பேசியவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே தருகின்றோம். சிறைக்கும் கூட்டுறவுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றோம். கூலி என்னும் ஒரே நூல் இரண்டையும் பிணைத்து நிற்பதை இறுதியில் காண்பார்கள்.

கடுங்காவல் என்பது யாது?

சிறைத்தண்டனை நம் நாட்டுச் சட்டத்தில் இரு வகைப்படும். ஒன்று வெறுங்காவல், மற்றொன்று கடின உழைப்போடு கூடிய கடுங்காவல். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்த இப்பிரிவு, அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையிலும் அப்படியே தொடர்கிறது. சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை என்னும் தண்டனை புதிதாகச் சேர்ந்துள்ளது, கடுங்காவல் மாறவில்லை.

நீதிபதி தம் தீர்ப்பில் இத்தனை ஆண்டு என்று மட்டுமே கூறுகிறார். கைதி எந்த வேலையைச் செய்வது என்பதைச் சிறை விதிகளும் நிர்வாகமும் முடிவு செய்கின்றன. ஆதலின் தண்டனையின் கடுமை நீதிமன்றத்தில் பாதியும் சிறைக் கொட்டடியில் பாதியுமாக நிர்ணயிக்கப்படுகிறது எனலாம்.

கைதியின் உழைப்பு எதற்காக? பயனுள்ள பொருளைச் செய்வதற்காகவா, அவனுக்குத் துன்பம் தருவதற்காகவா? ஆங்கில ஆட்சியின் தொடக்க காலத்தில் இதற்கு ஒளிவுமறைவற்ற விடை இருந்தது. மெக்காலே முதலானோர் இருந்த சிறைச்சாலைக் குழு 1838-இல் அளித்த அறிக்கை, கைதிக்குத் தரும் வேலை சலிப்பும் களைப்பும் தருவதாகவும், மனம் ஈடுபட இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்துடையது. தொழிலைக் கற்பித்துத் திருத்துவது அக்குழுவின் நோக்கமன்று.

செக்கில் பூட்டிய மனிதர்

இக்கொள்கை என்ன செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயரே போதும். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களைக் கப்பலோட்டிய தமிழர் என்று நாம் போற்றுகிறோம். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய அவர், தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச்சாலையையும் சுதேசியப் பண்டகசாலையையும் தோற்றுவித்தவர் என்பது நெசவாளர்களாகிய நம் அங்கத்தினர் நினைவில் கொள்ளத்தக்கது. 1908 பிப்ரவரியில் அவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்று வெற்றி தேடித் தந்தவரும் அவரே.

அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் அவருக்கு இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் பின்னர் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதன்பின் வெயிலில் மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கைத் தள்ளும் வேலை. இவற்றை அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பிறருடைய கூலிக்காகக் குரல் கொடுத்தவர், கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டார்.

இவ்வரலாற்றை நாம் கண்ணீரோடு படிக்கிறோம், அது தகும். ஆயினும் கணக்குப் பார்ப்பவர் கண்ணோடும் ஒருமுறை படித்தல் நன்று. ஊரில் மாடு இருக்க, செக்கில் மனிதனைப் பூட்டுவானேன்? எள்ளும் கடலையும் விளைவிக்கும் அங்கத்தினர்கள் இதற்கு எளிதில் விடை காண்பார்கள். மாட்டுக்கு விலை உண்டு. தீனிச் செலவு உண்டு. அது நொண்டினால் உடையவனுக்கு நஷ்டம். ஆகவே செக்குக்காரர் உச்சி வெயிலில் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுகிறார். சிறைக் கணக்கில் கைதிக்கு விலை இல்லை; அவன் உடல் நலிந்தால் எந்தப் பேரேட்டிலும் நஷ்டம் எழுதப்படுவதில்லை. விலை கொடுக்காமல் கிடைக்கும் உழைப்பை எவரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை. கொடுமைக்குக் கொடிய உள்ளம் மட்டுமே காரணமன்று. கூலி எழுதாத கணக்கும் ஒரு காரணம்.

அந்தமான் தீவில் 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலர் சிறையிலும் இதே கதைதான். அங்கே தேங்காய்ச் செக்கில் பூட்டப்பட்டவர் நாளொன்றுக்கு 30 இராத்தல் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். அளவு குறைந்தால் அடியும் விலங்கும் காத்திருந்தன. அரசியல் கைதியாகிய இந்துபூஷண் ராய் 1912-இல் அச்சிறையில் தூக்கிட்டு உயிர் நீத்தார். உல்லாஸ்கர் தத்தர் சித்தம் கலங்கினார். பெயர் அறியப்பட்டவர்களின் கதை இது. பெயர் அறியப்படாத சாதாரணக் கைதிகளுக்கு நேர்ந்ததை எழுத எவரும் இல்லை.

காற்றை அரைத்த சக்கரம்

நம்மை ஆண்டவர்கள் தம் சொந்த நாட்டில் மட்டும் இரக்கத்தோடு இருந்தார்களா எனில், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் 1818-ஆம் ஆண்டளவில் கைதிகளுக்கென ஒரு மிதிசக்கரத்தை அமைத்தார். பெரிய உருளையின் மேல் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருப்பார்கள், படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் எதையும் செய்யாமல் வெறுமனே சுழன்றது. காற்றை அரைத்தது என்றே சொல்லவேண்டும்.

இதனினும் விந்தையானது கைப்பிடிச் சக்கரம். ஒரு பெட்டி, அதனுள் மணல், வெளியே ஒரு கைப்பிடி. தனி அறையில் நின்று நாளொன்றுக்குப் பல ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். சுற்றுவது கடினமாக வேண்டுமெனில் காவலர் ஒரு திருகாணியை இறுக்குவார். மாலையில் பெட்டியில் மணல் இருக்கும், வேறொன்றும் இராது.

உழைப்பை வழிபாடாகக் கொண்டவர்கள் நாம். பாவு நீட்டும்போதும் நாற்று நடும்போதும் கை வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாலையில் ஒரு முழம் துணி கூடியிருக்கிறது. ஒரு வயல் பசுமையாகியிருக்கிறது. அந்த நிறைவுதான் வலியைத் தொழிலாக்குகிறது. அந்நிறைவை நீக்கி வலியை மட்டும் கொடுப்பது கைதியை வதைப்பதோடு நிற்பதில்லை, தொழிலையே இழிவுபடுத்துகிறது. வேலை என்றாலே தண்டனை என்று பத்து ஆண்டு கற்பிக்கப்பட்டவன், வெளியே வந்தபின் வேலையை நாடுவான் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு? 1895-இல் கிளாட்ஸ்டன் குழு இவ்வகைப் பயனற்ற உழைப்பைக் கண்டித்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மிதிசக்கரம் ஒழிந்தது. நம் நாட்டிலும் 1919–20-இல் ஆராய்ந்த சிறைச்சாலைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று வற்புறுத்தியது.

சுரங்கத் தொழிலாளர் கற்ற பாடம்

பயனற்ற உழைப்பு ஒழிந்தால் போதுமா? பயனுள்ள உழைப்பைக் கூலியின்றி வாங்கினால் என்ன நேரும் என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது.

அங்கே 1865-இல் அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அந்தச் சிறு வாயில் வழியே பெருந்தீங்கு நுழைந்தது. தென் மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. குத்தகைப் பணம் அரசுக்கு, உழைப்பு முதலாளிக்கு, கைதிக்கு ஒன்றுமில்லை. அவ்வாறு விடப்பட்டவருள் பெரும்பாலோர் அடிமைத்தளையினின்று அப்போதுதான் விடுபட்டிருந்த கருப்பு மக்கள்.

டென்னசி மாநிலத்தின் கோல் கிரீக் பகுதியில் 1891-இல் சுரங்கத் தொழிலாளருக்கும் கம்பெனிக்கும் தகராறு மூண்டது. கம்பெனி கைதிகளைக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கியது. தொழிலாளர் திரண்டு சென்று, அடைத்து வைத்திருந்த கைதிகளை வெளிக்கொணர்ந்து இரயிலேற்றி நாக்ஸ்வில் நகருக்கு அனுப்பிவிட்டனர். அரசு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தொழிலாளர் கொட்டடிகளையே எரித்துக் கைதிகளை விடுவித்தனர். மறு ஆண்டு படை வந்து அவர்களை அடக்கியது. ஆயினும் 1896-இல் டென்னசியில் கைதிக் குத்தகை முறை முடிவுக்கு வந்தது. அலபாமா மாநிலத்தில் அது 1928 வரை நீடித்தது.

அத்தொழிலாளர் செய்த தீவைப்பை நாம் ஆதரிக்கவில்லை. அவர்கள் கண்டுகொண்ட உண்மை மட்டும் நமக்கு வேண்டும். கைதியின் கூலி பூஜ்யமானால், அவனுக்கு அடுத்து நிற்கும் சுதந்திரத் தொழிலாளியின் கூலியும் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். பின்னர் 1929, 1935 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் சிறைப் பொருள்கள் மாநிலம் விட்டு மாநிலம் சென்று விற்கப்படுவது அந்நாட்டில் தடுக்கப்பட்டது. 1979-இல் ஒரு விலக்கு அளித்தார்கள்: அவ்வட்டாரத்தில் அவ்வேலைக்கு நிலவும் கூலியைக் கைதிக்குக் கொடுத்தால் பொருளை விற்கலாம். சிறைத் தறியை உடைக்காமலே போட்டியை நேர்மையாக்கும் வழி இது என்பதைக் குறித்துக்கொள்க.

ஒரு விரிப்பின் கணக்கு

சிறையில் நெசவு புதிதன்று. ஆக்ரா சிறைக் கைதிகள் விக்டோரியா மகாராணிக்காக நெய்த மாபெரும் கம்பளம், விண்ட்ஸர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் விரிக்கப்பட்டது. இன்றும் நம் மத்தியச் சிறைகளில் நெசவும் தையலும் நடைபெறுகின்றன. ஆகவே அச்சங்கத்து அங்கத்தினர்களோடு அமர்ந்து ஒரு விரிப்பின் அடக்கவிலையை எழுதிப் பார்த்தோம். விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட தொகைகளே இவை.

நம் சங்கத்தில்: நூலும் சாயமும் 200 ரூபாய், நூல் சுற்றுதல், பாவு ஓட்டுதல் முதலிய முன்வேலைக்கு 40, நெசவுக் கூலி 160, தறித் தேய்மானமும் நிர்வாகமும் 50. ஆக 450 ரூபாய்.

சிறையில் கைதிக்கு நாட்கூலியாக ஒரு சிறு தொகையே தரப்படுகிறது என்று கொள்வோம். நூலும் சாயமும் அதே 200, முன்வேலை 10, நெசவு 40, தேய்மானம் முதலியன 50. ஆக 300 ரூபாய்.

வேறுபாடு 150 ரூபாய். இந்த 150 ரூபாய் நூலில் மிச்சப்படவில்லை, சாயத்தில் மிச்சப்படவில்லை, தறியின் திறமையாலும் வரவில்லை. முழுவதும் கூலியில் குறைத்ததே. செலவைப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால் அச்செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. வேறு எவரோ அதைச் சுமக்கிறார் என்பது கணக்கு ஆய்வில் நாம் நாள்தோறும் காணும் உண்மை. இந்த 150 ரூபாயைச் சுமப்பவர் யார்?

முதலாவது, கைதியின் மனைவி மக்கள். அவர்கள் குற்றம் செய்யவில்லை. அடுப்பு மட்டும் அணைந்துவிட்டது. இரண்டாவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர். குற்றவாளி சம்பாதித்தால் அன்றோ அவருக்கு ஈடு கிடைக்கும்? மூன்றாவது, தறி நின்றுபோன நம் அங்கத்தினர். நான்காவது, வரி செலுத்தும் பொதுமக்கள். கைதியின் உணவு, உடை, காவல், மதிற்சுவர் அனைத்தும் அவர்கள் பணம். 300 ரூபாய்க்கு விரிப்பு வாங்கிய அலுவலகம் 150 ரூபாய் மிச்சம் என்று எழுதிக்கொள்கிறது. அந்த மிச்சம் இந்நால்வர் வீட்டிலிருந்து வந்தது.

நீதிமன்றங்கள் கூறியவை

நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் அத்தடைக்குள் வரும் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதிகளுக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்று 1983-இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது.

1998 செப்டம்பர் 24-ஆம் நாள் குஜராத் அரசின் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு நடுவழியை வகுத்தது. கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்குவது சட்டத்திற்கு முரணன்று. ஆனால் அவ்வேலைக்கு நேர்மையான கூலி தரவேண்டும். அதை நிர்ணயிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழுவை அமைக்கவேண்டும். உணவு உடைச் செலவை அதனின்று கழித்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்கு ஈடாக ஒரு பகுதியை ஒதுக்கச் சட்டம் செய்யலாம். நாம் மேலே எழுதிய நான்கு பேருக்கும் இத்தீர்ப்பில் இடம் இருப்பதைக் காண்க. 2024 அக்டோபர் 3-ஆம் நாள் அதே நீதிமன்றம், சாதியைப் பார்த்துச் சிறை வேலையைப் பங்கிடும் விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. துப்புரவு ஒரு சாதிக்கு, சமையல் ஒரு சாதிக்கு என்னும் விதி அத்தனை ஆண்டுகள் ஏட்டில் நிலைத்திருந்தது என்பதே வெட்கத்துக்குரியது.

மறுப்புக்கு விடை

"ஐயா, திருடியவனுக்கும் என் மகனுக்கும் ஒரே கூலியா?" என்று அங்கத்தினர் ஒருவர் வினவினார். இது தள்ளத்தக்க கேள்வி அன்று. ஒரே கூலி விகிதம். ஆனால் கைக்கு வருவது ஒன்றன்று. அவன் கூலியில் உணவுக்குக் கழிவு; பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு; குடும்பத்துக்குப் பங்கு; எஞ்சியதே அவனுடையது. அவன் இழந்திருப்பது சுதந்திரம். அதுவே தண்டனை. அதற்கு மேல் கூலியையும் பறித்தால், அத்தண்டனை அவனோடு நில்லாமல் நம் தறிவரை நீள்கிறது.

மற்றொரு தடையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சிறையில் வேலை நேரம் குறைவு. கைப்பழக்கம் இல்லாதோர் பலர். நாட்கணக்கில் முழுக்கூலி கொடுத்தால் சிறைத் தொழிற்கூடம் நஷ்டப்பட்டு மூடப்படலாம். மூடினால் கைதி சோம்பிக் கிடப்பான். அது கடும் உழைப்பைவிடத் தீயது. விசாரணைக் கைதிகளை வேலை செய்யுமாறு வற்புறுத்த இயலாது. நாட்டின் சிறைகளில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் அத்தகையோர். பெரும்பாலோர் வேலையின்றி நாளைக் கழிக்கும் இடமாகவே சிறை இருக்கிறது. ஆதலின் உருப்படிக் கணக்கில் கூலி தருவதே பொருந்தும். நெய்த முழத்துக்குக் கூலி என்பது நம் அங்கத்தினர் பரம்பரையாக அறிந்த முறை அன்றோ? கற்றுக்குட்டி குறைவாகப் பெறுவான். தேர்ந்தவன் நிறையப் பெறுவான். ஒரு விரிப்பின் அடக்கவிலை இரண்டு இடத்திலும் ஒத்திருக்கும்.

நம்பிக்கை வைத்தால் கைதி ஓடிவிடுவான் என்னும் அச்சமும் மிகைபட்டது. உத்தரப் பிரதேசத்தில் 1952-இல் காசிக்கு அருகே சந்திரபிரபா ஆற்றின் அணை வேலைக்குக் கைதிகள் திறந்த முகாமில் வைக்கப்பட்டுக் கூலியும் பெற்றனர். சம்பூர்ணானந்த் முகாம்கள் என்று அவை பின்னர்ப் பெயர் பெற்றன. நம் மாநிலத்திலும் சிங்காநல்லூர், புரசடைஉடைப்பு ஆகிய இடங்களில் திறந்தவெளிச் சிறைகளில் கைதிகள் பயிர்த்தொழில் செய்கின்றனர். மண்ணோடு உழைத்து விளைச்சலைக் கண்ணால் காண்பவன், செக்கில் பூட்டப்பட்டவனைப் போல் உழைப்பை வெறுப்பதில்லை.

நாம் செய்யத்தக்கது

அன்று மாலை சங்கத்தின் தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது. சிறைத் தறிகளை நிறுத்துக என்ற வாசகம் நீங்கியது. அதன் இடத்தில் நான்கு வேண்டுகோள்கள் இடம்பெற்றன. சிறைத் தொழிற்கூடங்களின் அடக்கவிலையில் வெளியே நிலவும் உருப்படிக் கூலியைச் சேர்த்து எழுதுக. அதே துணிக்குச் சங்கத்தின் விலைக்குக் குறைவாகச் சிறைத்துணியை விற்காதிருக்க. கைதியின் கூலியில் பாதிக்கப்பட்டவருக்கும் குடும்பத்துக்கும் சேர்ந்த தொகையை ஆண்டுதோறும் வெளியிடுக. நெசவு கற்று விடுதலையாகி வருபவரைச் சங்கங்கள் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள வழி செய்க.

முதல் மூன்றும் ஒருமனதாக நிறைவேறின. நான்காவது நிறைவேறவில்லை. "சிறையிலிருந்து வந்தவனை என் வீட்டுப் பக்கத்துத் தறியில் உட்கார வைப்பதா?" என்ற கேள்வி எழுந்தது; இருவர் எழுந்து சென்றுவிட்டனர். அடுத்த கூட்டத்துக்கு அது ஒத்திவைக்கப்பட்டது.

அவர்களை நாம் குறை கூறவில்லை. அச்சம் இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். பத்து ஆண்டு சிறையில் நெசவு கற்றவன் விடுதலை நாளில் வாயிற்கதவுக்கு வெளியே நிற்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே நல்ல தொழில் நம் தொழில். அவனை ஏற்கச் சங்கம் மறுத்தால், கற்ற கை எங்கே போகும்? ஒருவருக்கு எல்லோரும், எல்லோருக்கும் ஒருவர் என்னும் நம் இயக்கத்தின் கொள்கை, நாம் விரும்புகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று.

அடுத்த கூட்டத்துக்கும் நாம் செல்லவிருக்கின்றோம். தீர்மானத்தை முதலில் நம்மிடம் நீட்டிய அந்தப் பெரியவர், விடைபெறும்போது, "நான்காவதை நானே முன்மொழிகிறேன், ஐயா" என்று மெல்லக் கூறினார். மற்றச் சங்கங்களும் இதனை ஆராய்ந்து தம் முடிவை எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம்.